கடைசியாகக் கை வைத்தவன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை போளூர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது ரெஹானா டீச்சரிடமிருந்து போன் வந்தது. அவர் ஆரணியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எனக்குச் செய்தி அனுப்புவாரே தவிர, கூப்பிடுகிற வழக்கம் இல்லை. எடுத்ததும், "சார், பாதம் சார் போயிட்டாரு" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

பையைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஆரணி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். இத்தனை இடம் காலியாக இருக்கும்போது எதற்கு நிற்கிறீர்கள் என்று கண்டக்டர் இரண்டு முறை கேட்டார். ஆரணி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல் வரை போகிறேன், திரும்பி வருகிறேன்.

ஓய்வுபெற்ற காவலர்களான நாம் நமக்குள் போட்டுக்கொள்ளும் இந்தச் சிறு மலரில் யேசுபாதம் அவர்களைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அவரோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவன் என்பதால் கேட்டார்கள். அவரைத் தெரிந்தவர்களில் பலருக்கு அவரைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும்: துப்பாக்கியைத் தேய்த்துக் கெடுத்து, ஒரு காவலர் கால் விரல்களை இழக்கக் காரணமானவர் என்பது. அது உண்மையில்லை. அதைச் சொல்வதற்காகவே எழுத ஒப்புக்கொண்டேன்.

பாதம் அவர்கள் ஆரணிக்காரர். அப்பா தறி நெய்தவர். மனைவி எஸ்தர் அம்மா இன்றைக்கும் பட்டு நெய்கிறவர். குடும்பத்தில் காக்கி போட்ட முதல் ஆள் பாதம்தான். ஆயுதப்படையில் சேர்ந்து, ஆர்மரர் பயிற்சி முடித்து, மாவட்டத்து ஆர்மரிக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்து நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, பழுது பார்த்து, பூட்டி வைப்பதுதான் எங்கள் வேலை. ஜனங்களுக்கு எங்களைத் தெரியாது. போலீசிலேயே பலருக்குத் தெரியாது.

நான் போன முதல் வாரம், காலியான ஒரு கைத்துப்பாக்கியை என்னிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். "மணல் தெரியலையா?" என்று கேட்டார். மறுபடி மெதுவாக இழுத்தேன். பாதி வழியில் விரலுக்கடியில் ஏதோ நறநறவென்றது. உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னக் கொக்கி உண்டு. விசையை இழுத்தால் அந்தக் கொக்கி நழுவி, சுத்தியல் விழுந்து, தோட்டா வெடிக்கும். கொக்கியும் சுத்தியலும் உரசும் இடத்தில் மெஷின் விட்டுப்போன கோடுகள் இருக்கும். அதைத்தான் மணல் என்றார். அந்த மணல் இருந்தால் சுடுகிறவருடைய விரல் நடுவழியில் தயங்கும். தயங்கிய விரல் வெடுக்கென்று இழுக்கும். இழுத்தால் குழாய் நகர்ந்துவிடும். "ஜனங்க கண்ணு சரியில்லன்னு கண்ணாடி வாங்கிகினு இருக்காங்க. தப்பு இங்க இருக்குது" என்பார்.

அந்தக் கோடுகளை எண்ணெய்க்கல்லில் தேய்த்துப் போக்குவதில் அவருக்கு இணையாக நான் யாரையும் பார்த்ததில்லை. சும்மா உட்கார அவருக்கு வராது. கல்யாணச் சத்திரத்தில் ஒரு பந்தி முடியும்வரை இருக்க மாட்டார். கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் கல்லில் ஒரு துண்டு இரும்பை வைத்துவிட்டால் உடம்பு அப்படியே அடங்கிவிடும். வெளிச்சத்தை மறைத்து யாராவது நின்றால் மட்டும் கோபம் வரும், அது இன்ஸ்பெக்டராகவே இருந்தாலும். தேய்த்து முடித்ததும், எஸ்தர் அம்மாவின் தறியில் கழிந்த பட்டு நூலில் ஒரே ஒரு இழையை எடுத்து அந்த முனையின்மேல் இழுத்துப் பார்ப்பார். இழை எங்கேயாவது மாட்டினால் இன்னும் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும்வரை விட மாட்டார். பட்டுப்புடவை கட்டின துப்பாக்கி என்று காவலர்கள் கிண்டல் செய்வார்கள். போட்டிக்குப் போகிற அதிகாரிகள் மட்டும் கிண்டல் செய்ததில்லை. வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உண்டு. "வழவழப்பு வேற, லேசு வேற, தணிகா. மணல் போகணும். கடி போகக் கூடாது." கொக்கி சுத்தியலைக் கவ்விப் பிடித்திருக்கும் அந்தச் சின்ன அளவைத்தான் கடி என்பார். அதைக் குறைத்தால் விசை பூ மாதிரி லேசாகிவிடும். ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் தானாகவே வெடித்துவிடும். இன்னும் லேசாக்கு என்று எத்தனையோ பேர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று அவர் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. ஆர்மரிக்கு வருகிற எல்லாரும் "பாதம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவர் இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று போய்விடுவார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், துறையின் துப்பாக்கி சுடும் போட்டிக்காக ஒரு இன்ஸ்பெக்டர் தன் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். பாதம் அதை இரண்டு நாள் வைத்துத் தேய்த்தார். பட்டு இழையைப் போட்டுப் பார்த்தார். காலியாக வைத்து, மேல்பாகத்தை நூறு முறையாவது இழுத்து விட்டு, கொக்கி பிடிக்கிறதா என்று பார்த்தார். தன் கையெழுத்துப் போட்ட சீட்டைக் கட்டிப் பீரோவில் வைத்தார். மறுநாள் பெரிய மகளுக்குத் திருச்சபையில் திடப்படுத்தல் ஆராதனை. அதற்காக லீவு போட்டுவிட்டு ஆரணிக்குப் போனார்.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பாதம் இல்லை என்றேன். துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தேன். இழுத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் லேசாக இருந்தால் தேவலை என்றார். பாதம் வரட்டும் ஐயா என்றிருக்க வேண்டும். "உனக்கு வராதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். துப்பாக்கியைப் பிரித்தேன். கொக்கியைக் கல்லில் வைத்து ஏழெட்டு இழுப்பு இழுத்தேன். மறுபடி பூட்டிக் கொடுத்தேன். இழுத்துப் பார்த்தவர் முகம் மலர்ந்துபோய், "பாதத்தைவிட நீ தேவலைப்பா" என்றார். ஜீப் காத்திருந்தது. மேல்பாகத்தை இழுத்து விட்டுச் சோதித்துப் பார்க்க நேரமில்லை. நேரமில்லை என்று எழுதுகிறேனே தவிர, பார்த்திருக்கலாம். சந்தோஷத்தில் பார்க்கவில்லை. பாதத்தின் சீட்டு அதில் கட்டியபடியே இருந்தது.

நாலாம் நாள் பயிற்சி மைதானத்தில், இன்ஸ்பெக்டர் தோட்டாவை ஏற்றுவதற்காக மேல்பாகத்தை இழுத்து விட்டார். விசையில் விரல் இல்லை. துப்பாக்கி தானாக வெடித்தது. பக்கத்தில் நின்று, வெடித்த தோட்டாக்களின் காலி கோதுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த காவலர் வேலாயுதத்தின் வலது கால் பாதத்தில் குண்டு பாய்ந்தது. இரண்டு விரல்கள் போயின.

துப்பாக்கியை அங்கேயே சீல் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். பாதம் அதைத் திரும்பப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார், இது தன் கை இல்லையென்று. கொக்கி அளவுக்கு மேல் தேய்க்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை வந்தது.

விசாரணைக்கு முதல் நாள் இன்ஸ்பெக்டர் என்னை வண்டி நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னார். லேசாக்கச் சொன்னது அவர், செய்தது நான். வாயைத் திறந்தால் இரண்டு பேரும் போவோம் என்றார். விசாரணை அறையில் என்னிடம், அந்தத் துப்பாக்கியை நீ தொட்டாயா என்று கேட்டார்கள். "பீரோவிலேர்ந்து எடுத்துக் கொடுத்தேன் ஐயா" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய்யைவிட மோசமான உண்மை அது.

அடுத்தது பாதம். இன்ஸ்பெக்டர் இன்னும் லேசாக்கச் சொல்லி வற்புறுத்தினாரா என்று விசாரணை அதிகாரியே ஒரு வழி காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு அவர் தப்பித்திருக்கலாம். என்னிடம் அவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை என்றார் பாதம். அப்புறம் இதைச் சொன்னார்: "அந்தத் துப்பாக்கியில கடைசியா கை வச்சது நான்தான் ஐயா. தப்பு என் கையிலதான் நடந்திருக்கணும்." நான் அவருக்கு நாலடி தள்ளி நின்றிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை ஆர்மரியிலிருந்து எடுத்து வாகனப் பிரிவில் போட்டார்கள். பதவி உயர்வு நின்றது. மிச்சமிருந்த எட்டு வருடமும் வண்டிகளுக்கு டீசல் கணக்கு எழுதிக்கொண்டும், பந்தோபஸ்துக்குக் கயிறு கட்டிக்கொண்டும் கழித்தார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. சாவியை ஒப்படைக்க வந்தபோது, நடு இழுப்பறை சரியாக மூடாது, கொஞ்சம் தூக்கித் தள்ளு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு வந்த தண்டனைகளில் இதெல்லாம் சின்னது. பெரியதை அவரே கொடுத்துக்கொண்டார். அதுவரை அவர் தெருவில் யாருக்காவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் இரும்பு முனை தேய்ந்து நூலை இழுத்தால் பாதத்திடம்தான் கொண்டுவருவார்கள். நிமிடத்தில் தேய்த்துக் கொடுப்பார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு யாருடைய நாடாவையும் தொடவில்லை. எஸ்தர் அம்மா தன் தறி நாடாவை எடுத்துக்கொண்டு நாலு தெரு தள்ளி இன்னொருவரிடம் போக வேண்டியதாயிற்று. என் கையை நம்பாதீங்க என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். வீட்டில் மிக்சி பழுதானால்கூடக் கடைக்குப் போனது.

மாதம் ஒருமுறையாவது அவர் வீட்டுக்குப் போய்வருவேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. போனால் எஸ்தர் அம்மா காபி கொடுப்பார். பாதம் செய்தித்தாளின் ஓரத்தில் அந்தக் கொக்கியைப் படமாக வரைவார். அன்னிக்கு கல்லு புதுசா பழசா தணிகா என்று கேட்பார். பழசுதாண்ணா என்பேன். பழசுன்னா அவ்ளோ தின்னிருக்காதே என்பார். அடுத்த மாதம் வேறு கேள்வி. எண்ணெய் மாற்றினோமா? ஜன்னல் திறந்திருந்ததா? அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல் ஏதாவது இருந்ததா? நான் பதில் சொல்லிக்கொண்டே காபியைக் குடித்து முடிப்பேன். இப்படிப் பதினோரு வருடம் போயிற்று. இதற்கிடையில் அவர் ஓய்வுபெற்றார். இரண்டு வருடம் கழித்து நானும் ஓய்வுபெற்றேன்.

ரெஹானா டீச்சர் வந்தது அதற்கப்புறம். முப்பது வயதுக்கு மேல் காற்றுத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டு, மாநிலப் போட்டிக்குப் போகும் அளவுக்கு முன்னேறியிருந்தார். பழையதாக வாங்கிய அவருடைய துப்பாக்கியில் விசை நறநறத்தது. யாரோ சொல்லி பாதத்திடம் போயிருக்கிறார். அவர் மறுத்துவிட்டு, போளூர் முகவரி கொடுத்து என்னிடம் அனுப்பினார்.

துப்பாக்கியைப் பிரித்து மேசையில் பரப்பினேன். போட்டியில் விசையில் அரைக்கிலோ எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்களாம். தாங்காமல் வெடித்தால் சுடவே விட மாட்டார்களாம். அதனால் வழவழப்பாக இருந்தால் போதும், லேசாக வேண்டாம் சார் என்றார் டீச்சர். கல்லைக் கையில் எடுத்தேன். பேச்சுவாக்கில் அவர், பாதம் சார் உங்களைப் பத்தி ரொம்ப நல்லா சொன்னாரு சார் என்றார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"என் கை தப்பு பண்ண கை, தணிகா கை தப்பு பண்ணாத கை, அவர்கிட்ட போம்மான்னு சொன்னாரு."

கல்லைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு நாள் ஆகும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் ஆரணிக்குப் போனேன்.

எஸ்தர் அம்மா தறியில் இருந்தார். பாதம் பக்கத்தில் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பத்திலிருந்து சொன்னேன், இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வி, ஏழெட்டு இழுப்பு, ஜீப், வண்டி நிறுத்துமிடம் எல்லாம். பாதியில் தறிச் சத்தம் நின்றுவிட்டது.

பாதம் மூன்று கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் தேய்த்தாய் என்றார். சொன்னேன். கல் எது என்றார். சொன்னேன். இழுத்து விட்டுப் பார்த்தாயா என்றார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், கணக்குக்கு விடை கிடைத்தவர் மாதிரி. முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சம்கூட வந்தது. அப்புறம் அது போய்விட்டது.

"பதினோரு வருஷம் என் கையை நானே சந்தேகப்பட்டேன்யா" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "வெளிய போ தணிகா."

நான் நகராமல் நின்றேன். எஸ்தர் அம்மா தறியிலிருந்து எழுந்து வந்தார். என்னை அவர் எப்போதும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார். "அவரு சாப்பிடாம கெடந்த நாளெல்லாம் நீங்க எதிர்லயே குந்திகினு பேசிகினு இருந்தீங்களே அண்ணா" என்றார். நான் வெளியே வந்தேன்.

பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் டீச்சரின் துப்பாக்கிப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போக எனக்குத் தைரியம் இல்லை. டீச்சருக்குப் போன் செய்து, பெட்டி பாதம் வீட்டில் இருக்கிறது, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். பெட்டியை வாங்கப் போனபோது பாதம் ஜன்னலோரம் பலகை போட்டு, துப்பாக்கியைப் பிரித்து வைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாராம். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றாராம். எனக்கு ஒரு செய்தியும் சொல்லி அனுப்பியிருந்தார். தணிகாசலத்தைத் தெள்ளாருக்குப் போகச் சொல்லு, அங்கே வேலாயுதம் இருக்கிறான், என்னிடம் சொன்னதை அவனிடம் சொல்லச் சொல்லு என்று.

வேலாயுதம் ஓய்வுக்குப் பிறகு தெள்ளாரில் ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். வந்தவாசியில் இறங்கி பஸ் மாறிப் போனேன். கடையில் ஆள் இருந்தது. காத்திருந்து சொன்னேன். அவர் முகம் எப்படி மாறியது என்று என்னால் சொல்ல முடியாது, நான் பார்க்கவில்லை. நடுவில் ஒரு அம்மா வந்து சர்க்கரை கேட்டார். நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். அந்த அம்மா போன பிறகு, "உன்னைப் பத்தி நான் அப்பறம் யோசிக்கிறேன்" என்றார். அதன்பின் அவராகவே பேசினார். பாதம் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆரணியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்துவிடுவாராம். பையில் வாழைப்பழம் கொண்டுவருவாராம். ஒன்றும் பேசாமல், காலையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாராம். எனக்கு இது தெரியாது. மாதாமாதம் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியாது.

கிளம்பும்போது வேலாயுதம் கூப்பிட்டார். "இந்தப் பொங்கலுக்கு அவரை என் காலைப் பாக்காம, சும்மா வரச் சொல்லு" என்றார்.

இதைப் போனில் சொல்ல முடியாது. நேரே ஆரணிக்குப் போனேன். வாசற்படியில் நின்று, உள்ளே வராமல், வேலாயுதம் சொன்னதைச் சொன்னேன். பாதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் அசைந்தது. நான் போய்விடலாம் என்று திரும்பியபோது, "எங்க போற? எடை கட்டிப் பாக்கணும், ஒத்த ஆளா முடியாது" என்றார். உள்ளே போனேன். துப்பாக்கியை மேல்நோக்கி நான் பிடித்துக்கொண்டேன். அவர் விசையில் எடையை மாட்டிவிட்டு, மெதுவாகத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். விசை அசையாமல் தாங்கியது. எடையைக் கழற்றிவிட்டு என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னார். எங்கேயும் தயங்காமல் வந்து, எப்போது நழுவியது என்றே தெரியாமல் நழுவியது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கும் என் அபிப்பிராயம் தேவைப்படவில்லை. துப்பாக்கியை வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

டீச்சர் அந்தத் துப்பாக்கியோடு போட்டிக்குப் போனார். பதக்கம் ஒன்றும் வரவில்லை, ஆனால் அதுவரை எடுக்காத புள்ளிகள் எடுத்தார். மற்றவர்களும் தேடி வந்தார்கள். தெருக்காரர்களின் நாடாக்களும் மறுபடி வர ஆரம்பித்தன. காலை ஆட்டிக்கொண்டு, வெளிச்சத்தை மறைக்கிறவர்களைத் திட்டிக்கொண்டு, கடைசி மூன்று வருடமும் அவர் வேலை செய்தார்.

நான் போய்வந்துகொண்டிருந்தேன். வா என்று சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. எஸ்தர் அம்மா என்னிடம் பேசுவதில்லை. தறியை விட்டு எழுந்திருக்கவும் மாட்டார். அது சரிதான். ஒருநாள் அடக்க முடியாமல், என்னை மன்னித்துவிட்டீர்களா என்று பாதத்திடம் கேட்டேன். கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். "அதைக் கேக்காத. அது எனக்கே தெரியல. சில நாளு விடியகாலையில எந்திரிச்சா உன்மேல அப்பிடி ஒரு கோபம் வருது. மத்தியானம் ஆனா நீ இன்னும் வரலையேன்னு இருக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

அலுவலகத்துக்கு எழுதி அவர் பதிவைத் திருத்தச் சொல்லப்போகிறேன் என்றேன். எழுது என்றார். தனக்காக எழுத வேண்டாம், காகிதத்தில் தப்பாக இருப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். எழுதினேன். பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரி பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. அந்த ஒரு வரிக் கடிதத்தை அவரிடம் காட்டியபோது, என்னைத் தண்டிச்சபோது மட்டும் கோப்பு கிடைச்சுது பாரு என்று சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குப் பேஜாராக இருந்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம். அன்றைக்கு என்னோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தார். அப்படி வருகிற வழக்கம் இல்லை. வழியெல்லாம் ஒரு தையல் மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். யாரோ கண்டபடி கழற்றிக் கெடுத்து வைத்திருக்கிறார்களாம். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்ப நேரமாயிற்று. கீழே நின்று நின்று பொறுமையிழந்த பாதம், பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்றார். டிரைவர் நிஜமாகவே வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் டீக்கடையிலிருந்து ஓடிவந்து ஏறினார். திரும்பிப் பார்த்தபோது பாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அடக்கம். கோவிலில் கூட்டம். ஆயுதப்படையில் எங்களோடு இருந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். அந்த இன்ஸ்பெக்டர் வரவில்லை. எனக்கு முன்னால் இருந்த வரிசையில் இரண்டு பேர், நல்ல மனுஷன், அந்த ஒரு தப்புதான் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஆயரிடம், கல்லறைத் தோட்டத்தில் இரண்டு நிமிடம் பேச அனுமதிக்க வேண்டும் என்று கேட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்ததும் பேசினேன். எங்கள் ஆட்களைப் பார்த்துச் சொன்னேன், பெயர் சொல்லி, நாள் சொல்லி, நான் செய்ததையும் நான் மறைத்ததையும். பக்கத்துக் கல்லறையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டேன். பேசி முடித்தேன். என்னோடு ஒரே பேட்சில் பயிற்சி எடுத்த நண்பர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். அவர் இன்றுவரை என் போனை எடுக்கவில்லை. வேலாயுதம் வந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டார். அப்புறம் இன்னொரு பிடி எடுத்து என் கையில் வைத்தார். நான் போட்டேன்.

எல்லாரும் கலைந்த பிறகு பஸ்ஸுக்குப் போகத் திரும்பினேன். பின்னாலிருந்து எஸ்தர் அம்மா கூப்பிட்டார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன். "ஜல்தியா ஓடாதீங்க அண்ணா. வூட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

போனேன். பாயில் உட்கார்ந்தேன். சோறு போட்டார்கள். எதிரில் ஜன்னலோரம் அந்தப் பலகை இருந்தது. பிரித்துப் போட்ட ஒரு தையல் மெஷினின் பாகங்கள் வரிசையாக, எது எதற்கு அடுத்து என்று தெரியும்படி, துணியில் பரப்பியிருந்தன. பாதிதான் துடைத்திருந்தது.

பாதம் அண்ணா, நீங்கள் விசாரணை அறையில் என் இடத்தில் நின்றீர்கள், தெரியாமலே நின்றீர்கள். என்மேல் உங்களுக்குக் கோபம் வந்த விடியற்காலைகளும் என்னை எதிர்பார்த்த மத்தியானங்களும் இனி இல்லை. இரண்டில் எது அதிகம் என்று நான் இனிமேல் யாரிடம் கேட்பேன்? அலுவலகத்துக்கு மூன்றாவது கடிதம் எழுதிவிட்டேன், பதில் வரும்வரை எழுதுவேன். அந்தத் தையல் மெஷினை யாரையும் தொடவிடாமல் எஸ்தர் அம்மா துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை நான் வந்து பூட்டிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பூட்டிவிட்டு, சும்மா ஓட்டி, நூறு முறை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.